கடைசி பஸ்ஸிலிருந்து கணக்குப் போடுங்கள்: நகோயாவிலிருந்து கனசாவாவுக்கு மலைவழி

ஜப்பான் போகிறவர்களில் பெரும்பாலோர் டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா என்று கடலோரமாகவே புல்லட் ரயிலில் ஓடித் திரும்பிவிடுகிறார்கள். அந்த ரயில் ஒதுங்கிப் போகும் நடு மலைநாட்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். தெற்கே நகோயாவில் ஏறி, கிசோ பள்ளத்தாக்கு, மத்சுமோத்தோ, காமிகோச்சி, தகயாமா, ஷிரகவாகோ வழியாக வடக்கே கனசாவாவில் இறங்கலாம். ஆறு இரவு இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம். நான்கு இரவில் முடிக்க நினைத்தால் ஏதாவது ஓர் ஊரை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் திணித்தால் பஸ் ஸ்டாண்டுகள்தான் நினைவில் நிற்கும்.

இந்த வழியில் மொழியோ செலவோ அவ்வளவு பெரிய தடை இல்லை. காலைத் தடுக்கிவிடுவது நேரம்தான். கிராமங்களுக்குள் ரயில் கிடையாது. பஸ் உண்டு, ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். நான்கரை, ஐந்து மணிக்கெல்லாம் கடைசி பஸ் கிளம்பிவிடும் இடங்கள் பல. அதைத் தவறவிட்டால் டாக்சிக்கு ஆயிரக்கணக்கான யென், அல்லது முன்பதிவு இல்லாமல் அறை தேடும் அவதி. அதனால் ஒவ்வொரு நாளையும் கடைசி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதற்கு முந்தையது எத்தனை மணிக்கு என்று இரண்டையும் குறித்துக்கொண்டு, முந்தையதில் ஏறுவதாகவே திட்டமிடுங்கள். கடைசி பஸ் ஆபத்துக்கு இருக்கட்டும்.

கால அட்டவணையைப் பார்க்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவோம். வேலைநாளுக்கு ஓர் அட்டவணை, சனி, ஞாயிறு, விடுமுறைக்கு இன்னோர் அட்டவணை இருக்கும். ‘ஹெய்ஜித்சு’ என்றால் வேலைநாள், ‘தோ-க்யூஜித்சு’ என்றால் சனிக்கிழமையும் விடுமுறைகளும். அதற்கு மேல், மலைப் பஸ்களுக்குப் பருவத்துக்கு ஓர் அட்டவணை வேறு. அக்டோபரில் பார்த்துக் குறித்த நேரம் டிசம்பரில் செல்லாது. செல்போன் வரைபடத்தில் சில மலைப் பஸ்கள் வருவதே இல்லை. பஸ் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில், நீங்கள் போகும் தேதியைப் போட்டுப் பார்ப்பதுதான் சரி.

அடுத்தது பெட்டி. பெரிய உருளைப் பெட்டியோடு இந்த வழியில் போகவே கூடாது. ‘தக்யூபின்’ என்கிற பெட்டி அனுப்பும் சேவை இதற்காகவே இருக்கிறது. நகோயாவில் நீங்கள் தங்கும் ஹோட்டலின் முன்மேசையிலோ, பக்கத்துக் கன்வீனியன்ஸ் கடையிலோ பெட்டியைக் கொடுத்தால், இரண்டு மூன்று நாள் கழித்து நீங்கள் சேரப்போகும் ஹோட்டலுக்குப் போய்விடும். பெட்டியின் அளவைப் பொறுத்து 2000 முதல் 3000 யென் வரை ஆகும். படிவத்தில் மூன்று விஷயம் பிசகக் கூடாது: போய்ச் சேரும் ஹோட்டலின் தொலைபேசி எண், எந்தப் பெயரில் அறை பதிவாகியிருக்கிறதோ அதே பெயர், நீங்கள் அங்கே நுழையும் தேதி. பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் பதிவில் இன்னொரு பெயரும் இருந்தால் பெட்டி யாருடையது என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. தமிழர்களுக்கு முன்னெழுத்து, அப்பா பெயர் விவகாரம் இருப்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். நகரத்திலிருந்து நகரத்துக்கு மறுநாளே வந்துவிடும். மலை ஊர்களுக்கும் விமான நிலையத்துக்கும் இன்னொரு நாள் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து, பாஸ்போர்ட், இரண்டு நாள் துணி, மழைச்சட்டை இவை மட்டும் முதுகுப் பையில் இருந்தால் போதும்.

ரயில் பாஸ் வேண்டுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2023 அக்டோபரில் நாடு முழுவதற்குமான 7 நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறியது. இந்த மலைவழியில் பாதிக்கு மேல் தனியார் பஸ். அவற்றில் அந்தப் பாஸ் செல்லாது. டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுப்பதே மலிவு. நகோயா, தகயாமா, கனசாவா பக்கத்துக்குச் செல்லும் வட்டாரப் பாஸ் ஒன்று உண்டு. தகயாமாவிலிருந்து ஷிரகவாகோ வழியாகக் கனசாவா போகும் பஸ்ஸும் அதில் அடக்கம். கிசோவையும் காமிகோச்சியையும் விட்டுவிடுகிறவர்களுக்கு அது லாபம். சுய்க்கா போன்ற தட்டும் கார்டை மட்டும் நம்பாதீர்கள். ஒரு வட்டாரத்தில் தட்டி ஏறி இன்னொரு வட்டாரத்தில் இறங்கினால் கதவு திறக்காது. சின்ன ஸ்டேஷன்களில் கருவியே இருக்காது. நபருக்குக் குறைந்தது 20,000 யென் ரொக்கமாக வைத்திருங்கள். பஸ்ஸில் சில்லறை மாற்றும் இயந்திரம் 1000 யென் நோட்டைத்தான் வாங்கும், 10,000 யென் நோட்டை நீட்டினால் ஓட்டுநரும் திணறுவார்.

மகோமேயிலிருந்து த்சுமாகோவுக்கு

17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஷோகன் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட ‘எதோ’ காலத்தில், இன்றைய டோக்கியோவையும் கியோத்தோவையும் இணைத்த மலைச்சாலை நகசெந்தோ. வழியில் 69 தங்கல் ஊர்கள். அதில் 43ஆவது மகோமே, 42ஆவது த்சுமாகோ. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பழைய பாதை அப்படியே இருக்கிறது. மூன்று மணி நேர நடை. நின்று பார்த்து, தேநீர் குடித்து நடந்தால் மூன்றரை.

நகோயாவிலிருந்து நகத்சுகவாவுக்கு ‘ஷினானோ’ விரைவு வண்டியில் 50 நிமிடம், சாதாரண வேகவண்டியில் ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து மகோமேக்கு பஸ் அரை மணி. எந்தப் பக்கமிருந்து நடப்பது என்பதில் குழப்பமே வேண்டாம்: மகோமேயில் தொடங்குங்கள். மகோமே சுமார் 600 மீட்டர் உயரம், நடுவிலிருக்கும் கணவாய் 800 மீட்டர், த்சுமாகோ 420 மீட்டர். மகோமேயிலிருந்து போனால் முதல் இரண்டரை கிலோமீட்டரில் 200 மீட்டர் ஏற்றம், மீதி முழுக்க இறக்கம். எதிர்த்திசையில் நடக்கிறவர்கள் 380 மீட்டர் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும், நீண்ட இறக்கம்தான் அவர்களைப் படுத்தும். மகோமேயிலிருந்து கணவாய் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து இறங்குகிறவர்களும் உண்டு. ஆனால் அந்த பஸ் அபூர்வம்.

மகோமே பஸ் நிறுத்தம் ஊரின் அடிவாரத்தில் இருக்கிறது. கல் பாவிய தெரு அங்கிருந்து நேராக மேலே ஏறுகிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு இதில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பெட்டி இருந்தால் மகோமே சுற்றுலா அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். பருவ மாதங்களில் காலை 11.30க்குள் கொடுத்தால் மதியம் த்சுமாகோ அலுவலகத்தில் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டிக்கு 1000 யென் அளவில் ஆகும். குளிர்காலத்தில் இந்தச் சேவை நிறுத்தப்படும். மாலை 5 மணிக்குள் எடுக்கவில்லையென்றால் அலுவலகம் பூட்டிவிடும். பெட்டி உள்ளே, நீங்கள் வெளியே.

மகோமே பார்க்கப் பழையது. ஆனால் 1895லும் 1915லும் பெருந்தீயில் எரிந்து திரும்பக் கட்டிய ஊர். ஊரைத் தாண்டி மேலே வந்ததும் ஒரு திறந்த மேடு வரும். அங்கிருந்து 2191 மீட்டர் உயர எனா மலை முழுசாகத் தெரியும். கீழே தெருவில் எடுக்கும் படத்தைவிட இங்கே எடுப்பது நன்றாக வரும். பலர் இதுவரை ஏறாமலே பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பாதையில் அங்கங்கே ஒரு கம்பத்தில் வெண்கல மணி தொங்கும். கரடிக்காக. கயிற்றை இழுத்துப் பலமாக அடித்துவிட்டு நடங்கள். அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். கறுங்கரடி மனிதச் சத்தம் கேட்டால் விலகிப் போகும். எதிர்பாராமல் முட்டிக்கொண்டால்தான் ஆபத்து. தனியாக நடப்பதாக இருந்தால் பையில் ஒரு சின்ன மணி கட்டிக்கொள்ளலாம், காலையும் அந்தியும் இன்னும் கவனம்.

கணவாய் தாண்டிச் சற்று இறங்கியதும் ஒரு பழைய மர வீடு. வழிப்போக்கருக்குத் தேநீர் கொடுக்கும் இடம். நடுவில் தரையைத் தோண்டி அமைத்த கணப்பில் விறகு எரிய, மேலேயிருந்து தொங்கும் இரும்புக் கெண்டி கொதித்துக்கொண்டிருக்கும். தேநீருக்கு விலை கிடையாது. ஒரு நாணயத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள். அங்கிருந்து கீழே ஒரு நெட்டையான ஊசியிலைக் காடு வருகிறது. ஹினோக்கி, சவாரா, நெசுகோ, அசுனாரோ, கோயாமகி என்ற ஐந்து மரங்களை ‘எதோ’ காலத்து ஆட்சி வெட்டக் கூடாதென்று தடுத்திருந்தது. ஒரு மரத்துக்கு ஒரு தலை என்பதுதான் அன்றைய தண்டனைப் பேச்சு. வழியெல்லாம் கிடைக்கும் நிழல் அந்தச் சட்டத்தின் மிச்சம். இன்னும் இறங்கினால் ஆண் அருவி, பெண் அருவி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அருவிகள். மழை பெய்திருந்தால் இந்தப் பகுதியின் பாவுகல் சோப்பு போட்டதுபோல வழுக்கும். வழவழப்பான அடியுள்ள ஷூ வேண்டாம்.

த்சுமாகோதான் இந்த வழியின் முதல் பெரிய பரிசு. ரயில் பாதை தள்ளிப் போனதால் தேய்ந்துபோன ஊரை, 1968இல் தொடங்கி மக்களே மீட்டெடுத்தார்கள். ‘விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே’ என்று 1971இல் தங்களுக்குள் ஒரு சாசனமே எழுதிக்கொண்டார்கள். 1976இல் நாடு முதன்முதலாக அறிவித்த பாதுகாக்கப்பட்ட தெருத்தொகுதிகளில் இதுவும் ஒன்று. மின்கம்பி கண்ணில் படாது, பகலில் முக்கியத் தெருவில் கார் வராது. இங்கே ‘வகிஹொன்ஜின் ஒகுயா’ என்ற 1877ஆம் ஆண்டு வீட்டைக் கட்டாயம் பாருங்கள். 1868இல் ஷோகன்கள் போய்ப் பேரரசரின் மெய்ஜி ஆட்சி வந்து மரத் தடை நீங்கிய பிறகு, அதுவரை தொட முடியாத ஹினோக்கி மரத்தாலேயே இழைத்துக் கட்டியது. குளிர்காலப் பிற்பகலில் சாய்ந்த வெயில் மரச் சட்டங்களின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, கணப்புப் புகையில் கோடு கோடாக நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே குளிரில் வருகிறவர்கள் உண்டு.

ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்களுக்கு இந்த ஊர் பாதிதான் கிடைக்கும். மாலை 4 மணிக்கு மேல் கூட்டம் வடிந்துவிடும், கடைகள் பலகை சாத்திவிடும், ஓடைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். தங்குவதென்றால் ‘மின்ஷுகு’ என்கிற குடும்ப விடுதிகள். இரண்டு வேளை சாப்பாட்டோடு நபருக்கு 10,000 யென்னுக்கு மேல். இரவுச் சாப்பாடு ஆறு மணி, ஆறரை மணிக்கு. ஐந்துக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். கன்வீனியன்ஸ் கடை மகோமேயிலும் இல்லை, த்சுமாகோவிலும் இல்லை. சாப்பாடு இல்லாத அறையை எடுத்துவிட்டு ஏழு மணிக்கு ஓட்டல் தேடினால் பட்டினிதான்.

த்சுமாகோவிலிருந்து நகிசோ ஸ்டேஷன் பஸ்ஸில் பத்து நிமிடம். நடந்தால் ஒரு மணி நேரம், அதுவும் பழைய பாதைதான். நகிசோவில் பல விரைவு வண்டிகள் நிற்காது. உள்ளூர் வண்டி ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஸ்டேஷனுக்குப் போய் நேரம் பார்க்கலாம் என்று இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்தே காலைப் பொழுது போய்விடும். அதே தடத்தில் நராய் என்ற தங்கல் ஊரும் வருகிறது. ஸ்டேஷனிலிருந்து இறங்கியதுமே ஒரு கிலோமீட்டர் நீளத் தெரு. அடுத்த வண்டி வரும்வரை நடந்துவிட்டு வர ஏற்ற இடம்.

மத்சுமோத்தோவில் ஓர் இரவு போதும். அங்கே 1590களில் எழுந்த கறுப்புக் கோட்டை, வெளியிலிருந்து ஐந்து அடுக்காகத் தெரியும், உள்ளே ஆறு. படிகள் சில இடத்தில் 60 பாகை சாய்வு. காலுறையோடு ஏற வேண்டும் என்பதால் வயதானவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கோட்டை அகழியைச் சுற்றிக் காலை ஆறு மணிக்கு நடப்பது உள்ளே ஏறுவதைவிட நிறைவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

காமிகோச்சி

காமிகோச்சி 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஏப்ரல் நடுவில் பஸ் ஓட ஆரம்பித்து நவம்பர் 15ஆம் தேதியோடு மூடப்படும். சொந்தக் கார் 1996 முதல் ஆண்டு முழுவதும் தடை. பஸ் அல்லது டாக்சி மட்டும். மத்சுமோத்தோவிலிருந்து ஷின்-ஷிமஷிமாவுக்குச் சின்ன ரயிலில் அரை மணி, பிறகு பஸ்ஸில் ஒரு மணிக்குச் சற்று மேல். தகயாமாவிலிருந்து வந்தால் ஹிரயு வெந்நீரூற்று ஊரில் பஸ் மாற வேண்டும்: தகயாமா முதல் ஹிரயு ஒரு மணி, ஹிரயு முதல் காமிகோச்சி அரை மணிக்குள்.

உள்ளே போக இருக்கும் ஒரே சாலை ஒரு சுரங்கத்தின் வழியாகப் போகிறது. கனமழை வந்தால் சாலையை மூடிவிடுவார்கள். ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை மழைக்காலம், ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புயல் வரும் காலம். அந்த மாதங்களில் காமிகோச்சிக்கு மறுநாளே விமானம் பிடிக்க வேண்டிய மாதிரி திட்டம் வைக்காதீர்கள். நடுவில் ஒரு நாள் இடைவெளி வேண்டும்.

பஸ் கடைசி நிறுத்தம் வரை போகாமல், முன்னாடியே தைஷோ-இக்கே நிறுத்தத்தில் இறங்குங்கள். 1915இல் யகெதகே எரிமலை வெடித்து அசுசா ஆற்றை அடைத்ததில் உருவான குளம் அது. மூழ்கிச் செத்த மரங்கள் இன்னும் சில நீருக்குள் நிற்கின்றன. மேலிருந்து வரும் மணலால் குளம் ஆண்டுக்காண்டு சுருங்குகிறது, தூர்வாரித்தான் காப்பாற்றுகிறார்கள். 3190 மீட்டர் ஒகு-ஹொத்தகா சிகரம் உள்ளிட்ட மலைவரிசை குளத்தில் தலைகீழாகத் தெரிய வேண்டுமென்றால் காற்று எழும்புவதற்கு முன் அங்கே நிற்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர் சிலும்ப ஆரம்பித்துவிடும். விடிகாலை முதல் பஸ்ஸுக்கு எழுந்திருப்பதன் பலன் அதுதான்.

அங்கிருந்து கப்பா பாலம் வரை சமதரை, ஒன்றே கால் மணி நேர நடை. ஈரநிலத்தின் மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பனி படிந்த காலையில் அது வழுக்கும். சுற்றுலாக் கூட்டத்தில் பெரும்பகுதி கப்பா பாலத்திலேயே படம் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். நீங்கள் மியோஜின் குளம் வரை போங்கள். ஆற்றின் ஒரு கரையில் ஒரு மணி நேரத்தில் போய், மறுகரையில் சதுப்பைச் சுற்றி ஒன்றே கால் மணியில் திரும்பலாம். குளம் ஹொத்தகா கோயிலுக்கு உரியது, நுழைவு 500 யென். தைஷோவில் இறங்கிக் கப்பா வழியாக மியோஜின் போய்த் திரும்பினால் மொத்தம் பத்து கிலோமீட்டர் அளவில் வரும். ஐந்து மணி நேரம் ஒதுக்கினால் உட்கார்ந்து சாப்பிடவும் நேரம் கிடைக்கும்.

வந்து இறங்கிய உடனே செய்ய வேண்டியது திரும்பும் பஸ் ஏற்பாடு. அக்டோபர் வார இறுதிகளில் மதியம் 2 மணிக்குமேல் பஸ் நிலையத்தில் வரிசை நீண்டுவிடும். இருக்கை முன்பதிவு இருக்கிற தடமானால் இணையத்திலேயே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நிலையத்தில் வரிசை எண் சீட்டு கொடுக்கிறார்களா என்று காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

குரங்குகள் பாதையிலேயே எதிரே வரும். கையில் உணவு தெரியக் கூடாது, கண்ணோடு கண் பார்க்கக் கூடாது, ஓரமாக நின்றால் அவை தன்பாட்டுக்குப் போய்விடும். குப்பைத் தொட்டி எங்கும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் போங்கள். கழிவறைக்கு 100 யென் நாணயம் போடச் சொல்லியிருப்பார்கள். மேட்டிலிருந்து கழிவை இறக்குவது அவ்வளவு செலவுள்ள வேலை, போடுங்கள். அக்டோபர் காலையில் சூடு பூஜ்ஜியத்தை ஒட்டிப் போகும். மதியத்தில் சட்டையே போதும் என்றிருக்கும். ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது. கரமத்சு என்ற ஊசியிலை மரம் மஞ்சளாக மாறும் அக்டோபர் கடைசி வாரங்கள்தான் என் கணக்கில் இங்கே உச்சம்.

தகயாமாவுக்குப் போகும் வழியில் ஹிரயுவில் பஸ் மாறும்போது ஒரு மணி நேரம் கிடைத்தால் திறந்தவெளி வெந்நீரூற்றில் குளித்துவிடலாம். குளத்தில் இறங்குவதற்கு முன் உட்கார்ந்து சோப்பு போட்டு உடம்பைக் கழுவிவிட வேண்டும், உடை எதுவும் கூடாது, சின்னத் துண்டைத் தண்ணீரில் முக்கக் கூடாது. பத்து மணி நேரம் நடந்த காலுக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தலை சுற்றும்.

ஏப்ரல், மே மாதத்தில் போகிறவர்கள் காமிகோச்சிக்குப் பதிலாகத் ததேயாமா குரோபே வழியை எடுக்கலாம். மத்சுமோத்தோ பக்கமிருந்து பஸ், கேபிள் கார், ரோப்வே என்று மாறி மாறி ஏறி, 2450 மீட்டர் உயர முரோதோ வழியாகத் தொயாமாவில் இறங்கும் வழி அது. சாலையின் இருபுறமும் பனிச்சுவர் சில ஆண்டுகளில் 20 மீட்டரை நெருங்கும். வழியில் வரும் குரோபே அணை 186 மீட்டர், ஜப்பானிலேயே உயரமானது. 1963இல் முடிந்த அதன் கட்டுமானத்தில் 171 பேர் உயிர்விட்டார்கள், அணையோரம் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. கேபிள் காருக்கு நேரம் குறித்த சீட்டு. முன்பதிவு இல்லாமல் போனால் அடிவாரத்திலேயே இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க நேரும்.

சாப்பாடு

சைவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மீன் துண்டு கண்ணில் படாத உணவிலும் மீன் இருக்கிறது. ‘கட்சுவோ’ என்ற மீனைக் காயவைத்துச் சீவி எடுத்த சாறுதான் மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப், சோபா நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி எல்லாவற்றுக்கும் அடி. குளிர்ந்த சோபாவோடு தரும் தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் அது உண்டு. ‘பெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் இறைச்சியைத்தான் எடுப்பார்கள். “நிகு, சகனா, கட்சுவோ-தாஷி வா தபெரரெமாசென்” என்று எழுதிக் காட்டுங்கள். இறைச்சி, மீன், கட்சுவோ சாறு மூன்றும் சாப்பிட முடியாது என்று அர்த்தம். மின்ஷுகுவில் இதை அறை பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அன்று மாலைக்கான பொருளைக் காலையிலேயே வாங்கியிருப்பார்கள். வந்த பிறகு சொன்னால் அவர்களுக்கும் சங்கடம், உங்களுக்கு வெறும் சோறு.

வழியில் கைகொடுப்பவை சில உண்டு. கிசோவில் கோஹெய் மோச்சி: சோற்றைப் பிசைந்து குச்சியில் அப்பி, வால்நட், எள், மிசோ கலந்த விழுதைத் தடவிக் கரியில் சுடுவது. நகானோ பக்கம் ஒயாக்கி: கத்தரிக்காய், பூசணி, கீரை பூரணம் வைத்த கொழுக்கட்டை மாதிரி. தகயாமாவில் ஹோபா மிசோ: காய்ந்த பெரிய இலையின் மேல் மிசோ, காளான், வெங்காயத்தாள் வைத்துச் சின்ன அடுப்பில் சுட வைப்பது, மாட்டிறைச்சி சேர்த்தும் தருவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். தகயாமாவின் மித்தராஷி தங்கோ என்ற அரிசிமாவு உருண்டையில் இனிப்பு இருக்காது, சோயா சாற்றை மட்டும் தடவிச் சுடுவார்கள். சிப்பத்தின் மேல் எழுதியிருப்பதைக் கேமராவால் படிக்கும் மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் பல இடத்தில் சிக்னல் இராது.

தகயாமா, ஷிரகவாகோ, கனசாவா

தகயாமாவில் இரண்டு இரவு தங்கலாம். ஆற்றோரக் காலைச் சந்தை ஏழு மணிக்கு ஆரம்பித்து மதியத்தோடு முடியும். குளிர்காலத்தில் எட்டு மணி. பழைய தெரு பத்து மணிக்குமேல் நெரிசல், எட்டு மணிக்கு முன்னால் உங்களுக்கே சொந்தம். 1692 முதல் ஷோகன் ஆட்சி இந்த ஊரை நேரடியாக நிர்வகித்த அலுவலகமான ஜின்யா, நாட்டில் அந்த வகையில் எஞ்சி நிற்கும் ஒரே கட்டடம். ஏப்ரல் 14, 15இலும் அக்டோபர் 9, 10இலும் தேர்த்திருவிழா: வசந்தத்தில் 12 தேர், இலையுதிர்காலத்தில் 11. மழை வந்தால் அரக்குப் பூசிய பழைய தேர்களை வெளியே எடுக்க மாட்டார்கள். அந்தத் தேதிகளில் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் ரயிலில் வந்து போகிற தூரத்தில் ஃபுருகவா இருக்கிறது.

ஷிரகவாகோவுக்கு பஸ்ஸில் 50 நிமிடம். தகயாமாவிலிருந்து முன்பதிவு இல்லாத நடைகளும் உண்டு; கனசாவா போகும் பஸ்ஸுக்கு முன்பதிவு கட்டாயம். ஷிரகவாகோவின் ஒகிமாச்சியும் பக்கத்துக் கோகயாமாவின் இரண்டு சிற்றூர்களும் 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கூரையின் சாய்வு கிட்டத்தட்ட 60 பாகை, பனி தங்காமல் சரிவதற்காக. வெளியே நின்று படமெடுப்பதோடு நிறுத்தாமல் வதா வீடு போன்ற ஒன்றில் கட்டணம் கட்டி மச்சு வரை ஏறிப் பாருங்கள். கைமரங்களை ஆணி அடித்துப் பொருத்தவில்லை. வைக்கோல் கயிறும், பச்சையாக முறுக்கிக் கட்டிக் காய்ந்து இறுகிய மிளாறும்தான் பிடித்து நிறுத்துகின்றன. கீழே கணப்பில் எரியும் புகை மச்சு வரை ஏறி, கயிற்றையும் நாணற்புல்லையும் கறுப்பாக்கி, பூச்சி அரிக்காமல் காக்கிறது. அந்த மச்சில்தான் பட்டுப்புழு வளர்த்தார்கள். கோகயாமாவில் வீட்டுத் தரைக்கடியில் வெடியுப்பே தயாரித்திருக்கிறார்கள். கூரையை 30, 40 ஆண்டுக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து மாற்றி வேயும். புல்லும் மரமும் என்பதால் தீ ஒன்றுதான் அவர்களுக்குப் பயம். தெருவில் புகைபிடிக்கக் கூடாது என்ற பலகையை மதித்து நடங்கள். இங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்; துணி காயும் முற்றத்துக்குள் நுழைந்து படம் எடுப்பது நிறையவே நடக்கிறது, வருத்தமான விஷயம்.

உச்சிப் பார்வைக்கு ஷிரோயாமா மேடு, ஏறினால் 20 நிமிடம். பனிக்காலத்தில் நடைபாதை மூடப்பட்டிருக்கலாம், அப்போது சிற்றுந்து. ஜனவரி, பிப்ரவரியில் சில இரவுகள் மட்டும் ஊர் முழுக்க விளக்கேற்றுவார்கள். அதற்கு முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்ப வேண்டாம். பஸ் நிலையத்தில் பெட்டி வைக்கும் இடம் குறைவு, பகலில் நிறைந்துவிடும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது கோகயாமாவின் ஐநோகுரா: இருபது வீடு போல, சுற்றி வயல். வடக்கேயுள்ள தகாஓகா நகரிலிருந்து வரும் பஸ் அங்கேயும் நின்று ஷிரகவாகோ போகிறது, ஆனால் ஒரு நாளைக்குச் சில நடைகள்தான். இறங்கிய நிறுத்தத்திலேயே அடுத்த பஸ் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கனசாவாவுக்கு இன்னொரு ஒன்றேகால் மணி. ‘மதிய உணவை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்பது அந்த ஊர்ப் பழமொழி. குளிர்காலத்தில் அது முற்றிலும் உண்மை. கென்ரோகுஎன் தோட்டத்துக்குக் கட்டணம் வாங்கும் நேரத்துக்கு முன்னால், விடிகாலையில் இலவசமாக விடுகிறார்கள்; வழக்கமான திறப்புக்கு முன் வெளியேறிவிட வேண்டும். நவம்பர் 1 முதல் மார்ச் வரை பைன் மரங்களின் உச்சியிலிருந்து கயிறுகளைக் கூம்பாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். இங்கே விழும் ஈரப்பனி கனமானது, கிளை முறியாமலிருக்க அந்த ஏற்பாடு.

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை, ஆகஸ்டு நடுவில் முன்னோரை நினைக்கும் ஒபோன் நாட்கள், டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை இந்த மூன்று காலமும் உள்நாட்டு மக்களே கிளம்பும் விடுமுறை. இந்த வழியில் அறையும் பஸ்ஸும் கிடைக்காது. நவம்பரில் போனால் மாலை நாலரைக்கே மலைப்பள்ளத்தில் இருட்டிவிடும் என்பதை நடைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கனசாவாவிலிருந்து டோக்கியோவுக்கு நேர் ஷிங்கான்சென் (புல்லட் ரயில்), வேகமான வண்டியில் இரண்டரை மணி. அதில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான். கியோத்தோ, ஒசாகா போகிறவர்களுக்கு 2024 மார்ச் 16 முதல் நேர் வண்டி கிடையாது, த்சுருகாவில் மாற வேண்டும். ஷிங்கான்சென் மூன்றாம் தளத்தில், ‘தண்டர்பேர்ட்’ வண்டி கீழ்த்தளத்தில். நடுவில் எட்டு நிமிடம் அளவில்தான் கிடைக்கும். இரண்டு சீட்டையும் ஒன்றாக எடுத்து, வண்டி நிற்கும் முன்பே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நில்லுங்கள்.